நாற்பத்தெட்டுச் சுற்று

"கழுத்தைக் குனி" என்றாள் நாத்தனார் சரோஜா.

பதினாறாம் நாள் காலை. கீழ்பென்னாத்தூர் வீட்டின் கூடத்தில் திரௌபதியை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். தலை கொள்ளாத பூ, நெற்றி நிறையக் குங்குமம், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். எல்லாம் பிடுங்குவதற்கென்றே போட்டது.

திரௌபதி குனியவில்லை. வாசலில் நின்ற கணவனின் அண்ணன் ராமதாஸைப் பார்த்தாள்.

"மாமா, செத்தது உங்க தம்பிதான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"இன்னா கேள்வி இது? வலது கால்ல ஆறு விரலு. ஊரே செல்போன்ல பார்த்துச்சு."

"அதையே தாசில்தார் ஆபீஸ்ல வந்து சொல்லுங்க. வாரிசு சர்டிபிகேட் வாங்கி நிலத்தைத் தென்றல் பேருக்கு மாத்தணும்."

ராமதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டார். தம்பியின் அரை ஏக்கரில் பதினோரு வருஷமாக மல்லாட்டைப் பயிர் போட்டு வருபவர் அவர்தான்.

"அது வேறம்மா. ஆபீசுக்கு அத்தாட்சி வேணும். இது சாங்கியம்."

"சாங்கியத்துக்கு ஆறு விரலு போதும், ஆபீசுக்குப் பத்தாதா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு" என்று சரோஜா அவள் பிடரியை அழுத்தினாள். தாலி போயிற்று. வளையல்கள் உடைந்தபோது ஒரு சில்லு மணிக்கட்டைக் கிழித்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் தென்றலைச் சமையலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

திரௌபதியின் கணவன் முருகவேல் மோட்டாருக்குக் காயில் கட்டுபவன். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பம்புசெட் மோட்டார் புகைந்தாலும் அவனிடம்தான் வரும். செம்புக் கம்பியைச் சுற்றும்போது வாய்விட்டு எண்ணுவான். அவன் அதிகமாகக் கட்டிய மோட்டாருக்கு நாற்பத்தெட்டுச் சுற்று. ஒன்று குறைந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். "கம்மியா சுத்துனா சூடேறி எரிஞ்சுபோகும் புள்ள" என்பான்.

பிறகு புத்தி பிசகியது. தூக்கம் போயிற்று. சோற்றுத் தட்டு, கதவுத் தாழ்ப்பாள், குழந்தையின் விரல் என்று எதைக் கண்டாலும் கம்பி சுற்றினான். மாத்திரை கொடுத்தால் துப்பினான். ஒருநாள் கம்பிச் சுருளோடு கிளம்பியவன் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு வருஷம் பைத்தியம். அதற்குப் பிறகு சாமி. பௌர்ணமிக்கு நடக்க வந்த ஒருவரின் கையைப் பிடித்துக் கம்பியைச் சுற்றினான். அடுத்த வாரம் அவருடைய நின்றுபோன கட்டட வேலை நகர்ந்தது. அவர் நாலு பேரைக் கூட்டி வந்தார். நாலு பேர் நாற்பது பேரானார்கள். கம்பிச்சாமி என்று பெயர் வைத்தார்கள். அவன் எண்ணுவது மந்திரமாயிற்று. நாற்பத்தெட்டு என்றால் ஒரு மண்டலம் என்று விளக்கமும் வந்தது. தகரக் கொட்டகை வந்தது, உண்டியல் வந்தது, வருஷத்துக்கு ஒரு காப்புத் திருநாள் வந்தது. சென்னையிலிருந்து வேன்கள் வந்தன. செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் அவன் எதிரே கண்மூடி உட்கார்ந்தார்கள். வைத்தியர் மட்டும் வரவில்லை.

திரௌபதி மாதம் ஒருமுறை சோறு கொண்டுபோவாள். அவன் தின்பான், அவளைத் தெரியாது. கடைசியாகப் போனபோது அந்த ஆறாவது விரல் கறுத்துப் புழு வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ அழைத்து வந்தாள். பக்தர்கள் மறித்துக்கொண்டார்கள். "நம்ம கர்மத்தையெல்லாம் சாமி கால்ல வாங்கிக்கினு கீறாரு. ஊசி போட்டுக் கெடுக்காதேம்மா" என்று முதலில் கையை விரித்து நின்றவர் அறக்கட்டளைச் செயலாளர் சுரேஷ்குமார். அதிலிருந்து பதினெட்டாம் நாள் அவன் செத்தான். ஜீவசமாதி என்று போஸ்டர் அடித்தார்கள்.

அவன் செத்த இருபதாம் நாள் அதே சுரேஷ்குமாரின் மேசைமேல் திரௌபதி ரேஷன் கார்டையும் கல்யாண போட்டோவையும் வைத்தாள். தென்றல் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க சார். கம்பிச்சாமிங்கிறவரு முருகவேல்தான், நான் அவரு சம்சாரம்னு."

அவர் போட்டோவைத் தொடவில்லை. "சாமி பால பிரம்மச்சாரிம்மா. எட்டு வயசுல மலைக்கு வந்தவரு. புத்தகமே அச்சாயிடுச்சு."

"எம் பொண்ணு மூஞ்சியைப் பாருங்க சார். அப்படியே அவரு."

"பொண்ணைக் காட்டி சாமியை அசிங்கப்படுத்தாதீங்க."

இறப்புச் சான்றிதழின் நகலைத் திருப்பிக் காட்டினார். பெயர் கம்பிச்சாமி. மனைவி பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. திரௌபதி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள்.

வெளியே சமாதிக்கு முன்னால் பெண்கள் அகல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒன்றை எடுத்தாள். பின்னாலேயே வந்த சுரேஷ்குமார் அதட்டினார்.

"அதுல கை வைக்காதீங்க! கட்டுக்கழுத்திங்க ஏத்தற விளக்கு அது. தாலி அறுத்தவங்க கயித்துக்கு அந்தாண்ட நின்னு கும்பிடணும்."

அவள் அகலை வைத்துவிட்டுக் கயிற்றுக்கு அப்பால் போய் நின்றாள். ஆனால் கும்பிடவில்லை.

பஸ் ஏறுமுன் ஒரு கடையில் மஞ்சள் கயிறும் குங்குமமும் வாங்கினாள்.

"எதுக்கும்மா?" என்றாள் தென்றல்.

"அவங்க சொன்னதை நம்பிப் பார்க்கலாம்னு."

நாற்பத்தெட்டாம் நாள் மண்டல பூசை. நெற்றியில் பெரிய பொட்டும் தலையில் பூவும் கழுத்தில் மஞ்சள் கயிறுமாகத் திரௌபதி தெருவில் இறங்கினாள். சரோஜா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

சமாதியில் வேன் வேனாகக் கூட்டம். பச்சைச் சேலைத் தொண்டர் ஒருத்தி, "வாங்கம்மா, மகாலட்சுமி மாதிரி வந்திருக்கீங்க" என்று முன்வரிசையில் இடம் கொடுத்துக் கையில் தீக்குச்சியையும் கொடுத்தாள். சுரேஷ்குமார் பார்த்துவிட்டார். கையில் மைக் இருப்பது மறந்துபோயிற்று.

"அந்தப் பொம்பளையை வெளிய தள்ளுங்க! தாலி அறுத்துட்டுப் பொட்டு வெச்சுக்கினு வந்துகீறா!"

பக்கத்துப் பெண்கள் புடவையை ஒடுக்கிக்கொண்டு விலகினார்கள். திரௌபதி நகரவில்லை.

"எனக்கு யாரு சார் செத்தது?"

சுரேஷ்குமார் மைக்கைக் கீழே இறக்கினார்.

"தாலி அறுத்தவன்னு சொல்றீங்களே, எம் புருஷன் பேரைச் சொல்லுங்க. மைக்லயே சொல்லுங்க."

செல்போன்கள் உயர்ந்தன. சுரேஷ்குமாரின் தலைக்கு மேலே பால பிரம்மச்சாரி என்று பித்தளை எழுத்துகள் பளபளத்தன. மைக் வீலென்று கத்தி அடங்கியது.

"சொல்லுங்க சார், இந்தம்மா கையைத் தொட்டுட்டேனே. யாரு போனது?" என்று பதறினாள் தொண்டர்.

"அது... அவங்க வீட்டு விஷயம்" என்றார் சுரேஷ்குமார்.

திரௌபதி கட்டைவிரலை எச்சில் தொட்டுப் பொட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க. இங்கயே அழிச்சு, கயித்தையும் அறுத்துப் போட்டுட்டுப் போறேன்."

அவர் பேப்பரை எடுக்கவில்லை. அவள் தீக்குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றினாள். யாரும் தடுக்கவில்லை.

திரும்பும் வழியில் காப்புக் கட்டும் பெண் அவள் கையை இழுத்து, வளையல் கிழித்த தழும்பின்மேல் செம்புக் கம்பியை மளமளவென்று சுற்றி முடிந்தாள்.

"நாப்பத்தாறுதான் சுத்துனே. ரெண்டு கம்மி" என்றாள் திரௌபதி.

"பரவால்லம்மா. சாமி ஏத்துக்குவாரு."

"ஏத்துக்க மாட்டாரு. பிரிச்சுட்டு முதல்லருந்து சுத்து."

கையை நீட்டியபடியே நின்றாள். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது.