தண்ணி லாரி

பதினொன்றாவது சிறுநீர்ப் புட்டியில் தோய்த்த சோதனைப் பட்டையும் அதே பழுப்பு நிறத்துக்கு மாறியபோது சிஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. முதல் இரண்டு பழுப்பைப் பார்த்தபோது பாவம் என்று இருந்தது. நான்காவதில் பட்டை கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. ஏழாவதில் புதுப் பெட்டியை உடைத்து, குழாய்த் தண்ணீரில் ஒரு பட்டையைத் தோய்த்துப் பார்த்தாள். அது நல்ல பிள்ளையாக நிறம் மாறாமல் இருந்தது. ஆக, பட்டை யோக்கியம்தான். புட்டிகளைக் கொண்டுவந்து வைத்த ஆட்கள்தான் யோக்கியமில்லை.

பதினொரு டிரைவர்கள். பதினொரு பேருக்கும் ஒரே அளவு சர்க்கரை. போதாததற்கு, சர்க்கரை முற்றிப்போனவர்களுக்கு மட்டும் வரும் அந்த ஊதா நிறமும் பட்டையின் இன்னொரு கட்டத்தில், பதினொன்றிலும். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட இப்படி ஒற்றுமை இருக்காது.

அவள் வேலை பார்ப்பது லாரி கம்பெனியின் முதலுதவி அறையில். எடைமேடைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவே, ஒரு கட்டில், ஒரு மேஜை, நூற்றுப்பத்து கிலோவிலேயே முள் சிக்கிக்கொண்ட ஒரு தராசு. சுவரில் சிறுநீரகத்தின் படம் ஒன்று உண்டு. அதற்கு எவனோ மீசை வரைந்து வைத்திருந்தான். ஆறு வருடமாக அந்த மீசைக்குக் கீழே நின்றுகொண்டுதான் அவள் டிரைவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். "தண்ணி குடிங்க. தண்ணி குடிங்க. தண்ணி குடிங்க." சொல்லிச் சொல்லி அவள் வாய்தான் வறண்டது.

தண்ணீர் குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நேரம் போகும். நாற்பது டன் வண்டியை நினைத்த இடத்தில் ஓரம் கட்டவும் முடியாது. அதனால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒரு டீ, இரண்டு வலி மாத்திரை என்று ஓட்டுவார்கள். மூன்று பேருக்குச் சிறுநீரகத்தில் கல். பாதிப் பேருக்கு மூலம். எல்லோருக்கும் முதுகு. வருடாந்தரப் பரிசோதனை வந்தால் மட்டும் அத்தனை பேரும் திடீர் ஆரோக்கியசாலிகளாகிவிடுவார்கள். காரணம் எளிது: பட்டை நிறம் மாறினால், டாக்டர் கையெழுத்துப் போடும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது கம்பெனி விதி.

அவள் பேச்சைக் கேட்டவர் ஒரே ஒருவர். அவளுடைய சொந்த அண்ணன். அதே கம்பெனியில் இருபத்திரண்டு வருட டிரைவர். அண்ணி தவறிய பிறகு, லோடு இல்லாத நாட்களில் தங்கை வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. மூன்று மாதமாக மனிதர் எங்கே போனாலும் ஐந்து லிட்டர் கேனோடுதான் போகிறார். மற்ற டிரைவர்கள் அவருக்குத் 'தண்ணி லாரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அந்தப் பெயரில் ஏகப் பெருமை. தொப்பை கரைந்து, பெல்ட்டில் ஸ்க்ரூ டிரைவரால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். "எங்க அண்ணனைப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்லாத நாளில்லை.

சிஸ்டர் புட்டிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு டயர் கிடங்குக்கு நடந்தாள். நிழலில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தட்டைக் கண்டதும் எல்லோருக்கும் செருப்பு வாரைச் சரிசெய்யும் வேலை வந்துவிட்டது.

"இது யாரோடது?" என்றாள்.

"எங்களோடதுதான் சிஸ்டர். நம்பர்தான் ஒட்டியிருக்கே" என்றார் முதுகுவலிக்கு இடுப்பில் வாரும் கழுத்தில் காலருமாக உட்கார்ந்திருந்தவர். அவருக்கு 'பெல்ட்' என்று பெயர்.

"உங்களோடதா? போன வருஷம் நீங்க கொடுத்தது ஞாபகம் இருக்கா? கட்டங்காப்பி மாதிரி, விரல்கடை அளவு. அதுக்கே அரை மணி நேரம் உள்ளே இருந்தீங்க. இப்ப என்னடான்னா கழுத்து வரைக்கும் பளிங்கு மாதிரி. என்ன, வயித்துக்குள்ள ஆறு ஓடுதா?"

"நீங்க சொன்னீங்கன்னுதான் தண்ணி குடிச்சோம்..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்கண்ணே!"

ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவர்கூட அணைந்துபோய் உட்கார்ந்திருந்தார். பின்னால் முதல் லாரி எடைமேடை ஏறும் சத்தம் கேட்டது. சிஸ்டருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நான் ஒண்ணும் உங்க வேலையைக் கெடுக்க வரல. பொய் சொன்னதுக்கு ஆபீஸ்ல போட்டுக் கொடுக்கவும் போறதில்ல. இந்தப் புட்டிக்குச் சொந்தக்காரரு யாரோ, அவருக்கு உடம்புல சர்க்கரை முத்திப்போயிருக்கு. இன்னைக்கு வண்டி எடுத்தா ஸ்டியரிங்கிலேயே மயங்கிச் சாஞ்சிடுவாரு. அவரும் போவாரு, எதிர்ல வர்றவனும் போவான். யாருன்னு சொல்லுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

பதினொன்று என்று எண்ணிக்கொண்டே வந்தவள், உட்கார்ந்திருந்த தலைகளை இன்னும் எண்ணவில்லை.

பெல்ட் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ எழுந்து நின்றார்.

"சிஸ்டர், தப்பு எங்க மேலதான். எங்களுக்கு வரவே மாட்டேங்குது. வந்தாலும் அந்தக் கலரைப் பாத்தா நீங்களே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவீங்க. அதான், நம்மள்ல யாரு நல்லா ஆரோக்கியமா இருக்காங்க, யாருக்கு நல்லா போகுதுன்னு பாத்தோம். அவரு ஒருத்தருதான் மணிக்கு ஒரு தரம் போறாரு. பத்துப் புட்டியையும் அவர்கிட்டயே கொடுத்தோம். முகம் சுளிக்காம நிரப்பிக் கொடுத்தாரு."

"யாருய்யா அந்த மவராசன்?"

ரேடியோ அவளை நேராகப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கதான சிஸ்டர் தினமும் அவரைப் பாத்துக் கத்துக்கச் சொன்னீங்க."

அப்போதுதான் அவள் தலைகளை எண்ணினாள். பத்து.

மணிக்கு ஒரு தரம். ராத்திரி கூடத்துக் கதவு திறப்பதும், கொல்லையில் குழாய் ஓடுவதும் அவள் காதில் தினமும் விழுந்ததுதான். அண்ணனின் இடுப்பு பெல்ட்டில் ஓட்டை போட ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். நர்ஸ் படிப்பு முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்த சர்க்கரை நோய்ப் பாடம்: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் இளைப்பு. மூன்றையும் தன் வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்துக்கொண்டு, மூன்றுக்கும் சபாஷ் போட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. தட்டை ரேடியோவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

அண்ணனின் லாரி எடைமேடையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. லோடு சூப்பர்வைசர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பிரேக் பெருமூச்சு விட்டு நின்றது.

"என்னம்மா இது, சின்னப் புள்ளையாட்டம்?" என்று அண்ணன் ஜன்னலில் எட்டிப்பார்த்தார்.

"இறங்குண்ணா."

"லோடு ஏத்தியாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள டோல் தாண்டணும்."

"இறங்குன்னா இறங்கு!"

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "ஏம்மா, அண்ணன் தங்கச்சிச் சண்டையெல்லாம் வீட்ல வெச்சுக்கங்க. வாசலை மறிச்சுட்டு நிக்கிறீங்க, பின்னால பத்து வண்டி இருக்கு."

"அந்தப் பத்து வண்டியும் இன்னைக்கு நகராது. பத்துப் பேருக்கும் மறுபடியும் டெஸ்ட் எடுக்கணும். போய் யார்கிட்ட வேணா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறினாள். அண்ணன் தடுப்பதற்குள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். இன்ஜின் அடங்கியது.

கேபினுக்குள் பழுத்த பழம் போல ஒரு வாசனை. பழம் எதுவும் அங்கே இல்லை. அண்ணனின் மூச்சுதான் அது; சர்க்கரை முற்றினால் மூச்சு இப்படித்தான் மணக்கும். காலையில் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தபோதும் இந்த வாசனை இருந்திருக்கும். கோட்டுப் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தாள்.

"விரலை நீட்டு."

குத்தினாள். துளி ரத்தம். கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. எண் வரவில்லை. தன்னால் எண்ண முடியாத அளவுக்கு இருந்தால் எண்ணுக்குப் பதிலாகக் காட்டும் எழுத்தை மட்டும் காட்டியது. ஆறு வருடத்தில் அந்த எழுத்தை அவள் பார்த்ததே இல்லை.

"கண்ணு மங்குதா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் தெரியுது. முன்கண்ணாடி அழுக்குன்னு நெனச்சேன். தினமும் ரெண்டு தரம் துடைக்கிறேம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பெனியில் வேறு எந்த வண்டிக்கும் அப்படி ஒரு கண்ணாடி இல்லை. ஒரு புள்ளி அழுக்கில்லாமல் பளபளவென்று இருந்தது.

"அறிவிருக்காண்ணா உனக்கு? தாகம் அடங்கல, உடம்பு உருகுது, கண்ணு தெரியல. வீட்லயே ஒரு நர்ஸை வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? இதுல ஊருக்கெல்லாம் வேற நிரப்பிக் கொடுத்திருக்க! கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாதா?"

"பசங்க கெஞ்சினாங்க. பாவமா இருந்துச்சு. எனக்குத்தான் நிறைய வருதேன்னு..." அண்ணன் தன் இடுப்பு பெல்ட்டின் மிச்ச வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அது முன்பு இவ்வளவு நீளம் மிச்சமானதில்லை. "சொல்லணும்னு ரெண்டு மூணு தரம் நெனச்சேன். இந்தக் கம்பெனியில நீ திட்டாத டிரைவர் நான் ஒருத்தன்தானம்மா. அதைக் கெடுத்துக்க மனசு வரல."

அவள் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கீழே பத்துப் பேரும் வந்து நின்றுவிட்டார்கள். ரேடியோ தட்டை எங்கேயோ வைத்துவிட்டு கம்பெனி ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். பெல்ட் தன் முதுகை மறந்து படிக்குப் பக்கத்தில் தோளைக் கொடுக்கத் தயாராக நின்றார். சூப்பர்வைசர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றேன், கோவிச்சுக்காத" என்றார் அண்ணன். "அதுக்கு முன்னால அந்தக் கேனை எடும்மா. நாக்கு ஒட்டுது."

கேன் அவள் காலடியில்தான் இருந்தது. காலை ஆறு மணிக்கு அவளே கழுவி, அவளே நிரப்பி, மூடியை இறுக்கிக் கொடுத்த ஐந்து லிட்டர் கேன். மணி இன்னும் ஒன்பதரைகூட ஆகவில்லை. கனமாக இருக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். வெறும் கேன் விசுக்கென்று மேலே வந்தது.