மருந்து இறங்கவில்லை

பீப்பாயின் அடிக்குழாயில் தண்ணீர் சொட்டத் தொடங்கியதுமே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தரையில் புதைத்த பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே வாய் வரைக்கும் மண். மேலே பூச்சிமருந்து தெளித்து, மழை மாதிரித் தண்ணீர் விட்டு, மருந்து எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். லைசிமீட்டர் என்று பெரிய பெயர். பக்கத்து வயலிலும் இதே சோதனைதான். ஆனால் வயலில் அடிக்கு இறங்கும் தண்ணீரைப் பிடிக்க முடியாது. இங்கே பாட்டிலில் பிடித்துவிடலாம்.

இந்தப் பீப்பாய்க்கு மண் போட்டவள் அவள். நாடு விட்டு நாடு வந்து முதன்முதலில் தனியாகச் செய்த வேலை. மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவே முடியளவு இடுக்கு இருந்தாலும் மருந்து சுவரோடு வழுக்கி நேரே பாட்டிலுக்கு வந்துவிடும். பருவம் முழுக்கப் பட்ட பாடு மண்ணோடு மண்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் கூட வேலை பார்க்கும் அக்கா.

"பாட்டில் தண்ணிய மெஷின்ல சோதிக்கிறப்ப மருந்து காட்டிடுச்சுன்னா என்னக்கா பண்றது?"

"அள்ளிட்டு மறுபடி போடுவோம். நான் போட்ட முதல் பீப்பா சல்லடை மாதிரி ஊத்துச்சு. இதுல காப்பி வடிகட்டலாமான்னு கேட்டாங்க."

மதியம் முடிவு வந்தது. பாட்டில் தண்ணீரில் மருந்தே இல்லை. எல்லாம் மேலே ஒரு சாண் மண்ணுக்குள் தங்கிவிட்டது. வயல் மண்ணும் அதையே சொன்னது.

கையெல்லாம் சேறு. போனை மேசையில் வைத்து, குடும்பக் குழுவுக்குக் குரலிலேயே தட்டச்சு செய்து அனுப்பினாள்: "அம்மா இத்தனை நாளா பயந்துட்டே இருந்தேன் இன்னைக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு மருந்து கீழ இறங்கவே இல்ல மேலயே நின்னுடுச்சு."

அடுத்த நொடி போன் அலறியது.

"என்னடி உடம்புக்கு? தொண்டையிலயே நிக்குதா? சுடுதண்ணி குடி!"

பின்னாலிருந்து அப்பா: "டாக்டரை மாத்தச் சொல்லு!"

தம்பி: "பொடி பண்ணிக் குடுக்கணும்மா. மாத்திரைன்னா அவ வாயே தொறக்க மாட்டா."

"ஐயோ, நான் நல்லா இருக்கேன்! செடிக்கு அடிக்கிற மருந்தும்மா. மண்ணுல கீழ இறங்கல. இறங்கினாத்தான் வம்பு, குடிக்கிற தண்ணியில கலந்துடும்."

அம்மா குரலைத் தணித்தாள். "அப்போ இறங்காதது நல்லதா?"

"ரொம்ப நல்லது. நான் போட்ட மண்ணு சரியா இருக்குன்னு அர்த்தம்."

"அதை ஒழுங்கா சொல்றதுக்கென்ன? போன உசுரு இப்பத்தான் வந்துச்சு. இங்க பூந்தொட்டிக்கு மண்ணு போடச் சொன்னா மூஞ்சியத் தூக்குவே, அங்க போயி பீப்பா பீப்பாயா போடறியா?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா காலிப் பீப்பாய் ஒன்றைத் தட்டிக் காட்டினாள்.

"அடுத்ததும் உன் கைதான்."

அவள் இரும்புச் சுவரோரம் ஈர மண்ணைப் போட்டு, விரலால் அழுத்தி அழுத்தி விட்டாள். இந்தத் தடவை பயப்படவில்லை. பயப்பட்டாலும், கொஞ்சம்தான்.