திறந்தவெளியில் இருபத்து மூன்று

அக்காவைக் கட்டியவர் சூப்பர்வைசர், தங்கையைக் கட்டியவன் மெக்கானிக். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு சகலைகளும் ஒரே ஆலையில் வந்து மாட்டிக்கொண்டது யார் செய்த பாவமோ. ஒன்பது வருஷமாக ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது.

இப்போது சண்டைக்குக் கிடைத்த சாக்கு, நைட்ரஜன் அறைச் சுவரில் மாட்டிய, காற்றில் ஆக்சிஜனை அளக்கும் பெட்டி. நைட்ரஜன் விஷமில்லை, வாசனையும் கிடையாது. கசிந்தால் சத்தமில்லாமல் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சகலையைப் போலத்தான் என்று மெக்கானிக் மனைவியிடம் சொல்லுவான். ஆக்சிஜன் பத்தொன்பதரை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பெட்டி கத்தும். அந்த வாரம் நாலு தடவை கத்தியது. கசிவு இருக்கிறது, குழாயைப் பாருங்கள் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தான். பெட்டியைப் பராமரிக்க அவனுக்குத் துப்பில்லை என்று சகலை மேனேஜரிடம் போட்டுக் கொடுத்தார். இன்னொரு தடவை கத்தினால் சீட்டு கிழியும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மறுநாள் பெட்டி கத்தவில்லை. இருபது புள்ளி ஒன்பது என்று சமர்த்தாகக் காட்டியது.

மெக்கானிக் அதை நம்பவில்லை. குழாயை யாரும் தொடவில்லையே. பெட்டியைக் கழற்றி, லாரிகள் நிற்கும் திறந்தவெளிக்குக் கொண்டுபோனான். வெளிக்காற்று என்றால் இருபது புள்ளி ஒன்பதுதான் காட்ட வேண்டும். இருபத்து மூன்று காட்டியது. பேட்டரியை மாற்றி, அரைமணி பொறுத்துப் பார்த்தான். அதே இருபத்து மூன்று.

மாதாமாதம் அவன் இங்கே வந்து நின்று, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, இதுதான் நல்ல காற்று என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பான். சகலை பொத்தான்களை மட்டும் பார்த்து வைத்திருக்கிறார். வெளியே போவதைக் காற்று வாங்கப் போகிறான் என்று நினைத்திருப்பார். துப்பில்லாதவன் செய்யாததைத் தான் செய்துவிட்டதாகக் காட்ட, அறைக்குள்ளேயே நின்று அழுத்திவிட்டார். கெட்ட காற்றை நல்ல காற்று என்று நம்பிப் பெட்டி வாயை மூடிக்கொண்டது. அதனால்தான் நிஜமான நல்ல காற்று அதற்கு இருபத்து மூன்றாகப் படுகிறது.

ஓடினான். பெட்டியே இல்லாமல் வேலை நடக்கும் என்று நாலு பேருக்குக் காட்ட, சகலை அந்த அறையில் நாற்காலி போட்டு ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். கதவுக் கண்ணாடியில் பார்த்தபோது பேனா தாளைத் தாண்டி மேஜையில் கோடு போட்டது; கசிவு அதற்குள் கூடியிருந்தது.

இருக்கட்டுமே என்று மனசு சொன்னது. சொன்னதை மெக்கானிக் நன்றாகவே கேட்டான். பிறகு கதவைத் திறந்து வாசலிலேயே நின்றான்.

"சகலை, வெளிய வாங்க. காத்து சரியில்ல."

"பொட்டி கத்துறது நின்னு போச்சுன்னு இப்ப நீ கத்துறியா? போடா."

உள்ளே போய் இழுக்கலாம் என்றால் ஆள் நூறு கிலோ. இரண்டு பேரும் சேர்ந்து விழ வேண்டியதுதான்.

"அப்ப அங்கயே இருங்க. உங்களக் கட்டிக்க மாட்டேன்னு உங்க சம்சாரம் மூணு நாள் பட்டினி கெடந்தாங்களே, அது தெரியுமா?"

வெளியே சுற்றி நின்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாற்காலி சாய்ந்தது. சகலை தடுமாறிக்கொண்டு வந்தார். மெக்கானிக் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, பின்னோக்கி நடந்து லாரிகள் வரைக்கும் அவரை இழுத்துப் போனான். அங்கே மெக்கானிக்கின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஒன்பது வருஷத்து அறை, ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. சகலையின் கால்கள் மடங்கின. தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

மெக்கானிக் பெட்டியை அவர் மடியில் வைத்தான். இருபத்து மூன்று.

சகலை அதைப் பார்த்தார். புரிந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"மெய்யாவே மூணு நாள் சாப்பிடலையா அவ?"

அந்தப் பட்டினிக் கதை அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெக்கானிக் பெட்டியை எடுத்துக்கொண்டு, குழாயை அடைக்கச் சொல்லப் போனான்.