எருமை தின்ற சப்பாத்தி

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளைப் பூட்டிய வருடம் காளியண்ணனுக்கு இரண்டு அடி விழுந்தது. கள்ளைச் சர்க்கார் நிறுத்தியது. சோற்றைச் சேலத்து டாக்டர் நிறுத்தினார். கள் போனதற்கு அவர் முணுமுணுக்கக்கூட இல்லை. சோறு போனதற்குத்தான், பஸ் பரமத்தி வந்து சேரும்வரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ராஜவாய்க்கால் தண்ணீரில் நெல் விளைவிக்கிற மனிதரிடம் போய், உடம்பில் நீரிழிவு இருக்கிறது, அரிசியைத் தொடாதே, கோதுமை தின்னு என்றால் பாவம், அவர்தான் என்ன செய்வார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பெரியநாயகிக்கு மனசு கேட்கவில்லை. அவர் தின்னாத சோறு தனக்கும் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். யாராவது கேட்டார்களா அவளை? வாய் சும்மா இருந்தால்தானே.

அந்தப் பக்கத்தில் அப்போது வீட்டில் சப்பாத்தி போடுகிறவர்கள் யாரும் கிடையாது. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கோதுமையைத் திருகையில் அரைத்து, பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அவள் போட்ட முதல் சப்பாத்தி விறகுச் சிராய் மாதிரி இருந்தது. மறுமுறை சேலம் போனபோது கோதுமை வாங்கிய சேட்டுக் கடையின் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். சேட்டம்மா உள்ளே சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவள் பாஷை தெரியாது. இவள் வெட்கத்தை விட்டு முழுசும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு மாவை இரண்டு தரம் சலித்தாள். வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பும் விட்டு, கையில் ஒட்டாமல் வருகிறவரை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்தாள். ஈரத்துணி போட்டு மூடி, குழம்பு கொதிக்கிற நேரம் ஊறவிட்டாள். பூரிக்கட்டை ஏது? மணைப்பலகையைத் திருப்பிப் போட்டு, பித்தளைச் சொம்பை உருட்டித்தான் தேய்த்தாள். ஒருநாள் தோசைக்கல்லில் போட்ட சப்பாத்தி பொசுக்கென்று உப்பி எழுந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குத் துணியில் சுற்றி வயலுக்குக் கொடுத்தனுப்புவாள். மூட்டை காலியாகத் திரும்பும். நல்லா இருந்ததா என்று கேட்டால் "பரவால்ல புள்ளே" என்பார். அந்த ஒரு சொல்லில் அவள் மறுநாள் மாவுக்குத் தெம்பாகிவிடுவாள். சோற்று வாசனைக்கு அவளுக்கும் நாக்கில் எச்சில் ஊறும்தான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் அவர் கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கோதுமைதான் போடுவதாகச் சொன்ன அவளிடம் திரும்பினார். "ஏம்மா, சோறு போட்டுக்கிட்டு எதுக்கு இல்லைன்னு பொய் சொல்றே? புருஷன் உயிரோட இருக்கணுமா வேண்டாமா?" சத்தியமாகக் கோதுமைதான் என்றாள். அவர் நம்பவில்லை. காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு புண்ணையே பார்த்திருந்தார். அவமானத்தில் குனிகிறார் என்று இவள் நினைத்தாள். திருகையில் முன்பு அரைத்த அரிசிமாவு ஒட்டியிருந்து கலந்துவிட்டதோ என்று வீட்டுக்கு வந்து அதை ஏழெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், பைத்தியக்காரி.

ஒருநாள் சப்பாத்தி பஞ்சு மாதிரி வந்தது. சூட்டோடு தானே கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டு வயலுக்கு நடந்தாள். அவரைக் காணோம். ஏர் ஓட்டுகிற அம்மாசி, எசமான் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னான். "எப்பவும் போலத்தானுங்க" என்றான்.

வயலைத் தாண்டினால் அடுத்த ஊர். காளியண்ணனின் தங்கை குஞ்சம்மாளைக் கொடுத்த ஊர். வாசலில் கட்டியிருந்த எருமை எதையோ மென்றுகொண்டிருந்தது. காலடியில் கிடந்த மிச்சத்தைப் பார்த்ததும் பெரியநாயகிக்கு அடையாளம் தெரிந்தது. காலை ஆகாரத்துக்கு என்று அவள் கட்டிக் கொடுத்த சப்பாத்தி.

உள்ளே தலைவாழை இலை போட்டு, குவித்த சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார் காளியண்ணன். இவளைப் பார்த்ததும் கை நின்றது.

குஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அண்ணனிடம் பேசுகிற மாதிரி இவளுக்குப் பேசினாள். "நீ தின்னுண்ணா. வெளஞ்ச நெல்லையெல்லாம் வித்து முடிஞ்சுக்கிட்டு, கட்டுனவனுக்குக் காஞ்ச ரொட்டி போடறவ முன்னால நீ எதுக்குக் கூசணும்? நீ வந்து அழுது சொன்னதெல்லாம் நான் மறக்கலீண்ணா."

சோறு தின்றதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆசைக்கு மனிதன் என்னதான் செய்யமாட்டான். அந்தச் சோற்றுக்காகப் பெண்டாட்டி பேரைக் கொண்டுபோய் விற்றிருக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சீக்கு என்று தங்கையிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் அவள் சோறு போடமாட்டாளே. இப்போதாவது சொல்வார் என்று பெரியநாயகி பார்த்தாள். அவர் சோற்றையே பார்த்தார்.

வரப்பில் திரும்பி வரும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தங்கையிடம் சொல்லாவிட்டால் போகட்டும், டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கால் மிஞ்சும், என் பேரும் மிஞ்சும் என்றாள். அவர் கண் கலங்கிவிட்டது. "நானே என் வாயால சொல்லிப்போடறேன், புள்ளே" என்றார். அவள் நம்பினாள்.

மறுநாளே சேலம் போனார்கள். விரல் கறுத்திருந்தது. எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அப்புறம் அவளைப் பார்த்து, திரும்பவும் சோறுதானா என்று கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள்.

காளியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊட்டுல பொம்பள போடறதத்தானுங்க நாம திங்க முடியும்."

நேற்று வரப்பில் அழுத மனிதர்தானா இவர்? டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். விரலை எடுத்துக் காயம் ஆறுகிறவரை இவர் இங்கேதான் இருக்க வேண்டும், இந்தம்மா கொண்டுவருகிற எதையும் உள்ளே விடாதே என்று உத்தரவு போட்டார். கோதுமை சமைத்துக்கொண்டுவர வேறு பெண்பிள்ளைகள் உண்டா என்று காளியண்ணனைக் கேட்டார்.

"தங்கச்சி இருக்குதுங்க" என்றார் காளியண்ணன்.

பெரியநாயகி எழுந்தாள். புருஷனிடம்தான் சொன்னாள், சத்தமில்லாமல்.

"போற வழியில தங்கச்சிகிட்ட, சீக்குக்குக் கோதுமைதான்னு சொல்லியுட்டுட்டுப் போறனுங்க. ஆனா அவளுக்குச் சப்பாத்தி போடத் தெரியாதுங்களே."

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் வெளியே போய்விட்டாள். பஸ் வருகிற நேரமாகியிருந்தது.