ஈரமரக் கரையானுக்கு எந்தக் கட்டம்?

1

இந்தக் கதை அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் உடைத்த பைன் மரப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், கரப்பான் கூட்டத்திலிருந்து ஒரு கிளை..." என்றுதான் தொடங்கினேன். [அடித்துவிட்டேன். அங்கிருந்து சித்ராதேவியிடம் வந்து சேர்வதற்குள் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.]

2

சித்ராதேவி சிவகங்கைப் பக்கத்துப் பெண். விலங்கியலில் முதுகலை. பார்ப்பது துணியில் ஓட்டை தேடும் செக்கிங் வேலை. படித்தவள் என்பதால், துணி வாங்குபவர்கள் கம்பெனியைச் சோதிக்க நடத்தும் ஆடிட்டின் படிவங்களும் அவள் தலையில்.

வெளிநாட்டு மிஷின் வந்த பெட்டி குடோனில் மழை ஒழுக்கில் ஊறிக் கிடந்தது. பலகையைப் பெயர்த்தாள். உள்ளே விரற்கடை நீளத்துக்குக் கரையான்கள். மண்ணைத் தேடாமல் ஈரமரத்துக்குள்ளேயே குடியிருக்கும் பழைய வம்சம். இவற்றில் தொழிலாளி என்று தனிச்சாதி கிடையாது. வளரும் குஞ்சுகளே வேலை பார்க்கும். பிறகு சில சிப்பாயாகும், சில சிறகு முளைத்துப் பறக்கும். கல்லூரியில் இதைப் படித்தபோது தோன்றாத பொறாமை இப்போது தோன்றியது.

(ஒரே குடும்பமாக இருந்த இந்த ஈரமரக் கரையான்களை அறிஞர்கள் மரபணு பார்த்துப் பாகம் பிரித்துவிட்டார்கள். சண்டையில்லாமல் நடந்த ஒரே பாகப்பிரிவினை என்று எழுதினேன். விசாரித்தால், அங்கேயும் சண்டைதான்.)

3

மதியம் ஆடிட். இன்று கண்ட பூச்சி எது என்று படிவம் கேட்கிறது, டிக் போட மூன்று கட்டம். கரப்பான் என்றால் ஆர்டர் நிற்கும். இருநூறு பேருக்கு வேலையில்லை. கரையான் என்றால் குடோனில் மருந்தடித்தாக வேண்டும். வாடை ஒரு வாரம் நிற்கும். அங்கே உட்கார்ந்து துணி மடிக்கும் மருதம்மாளுக்கு ஏழாம் மாதம். வேறு இடமும் இல்லை. மூன்றாவது கட்டம், ஒன்றுமில்லை.

சித்ராதேவி பெட்டியை வெயிலுக்கு இழுத்துப் போட்டாள். ஈரம் போனால் இவை பிழைக்காது, மருந்தே வேண்டாம் என்று மேனேஜர் அங்கமுத்துவிடம் சொன்னாள்.

"அப்ப ஒண்ணுமில்லைன்னு போட்டுரு கண்ணு."

"பார்த்தேனே சார்."

"செரி, கரையான்னு போடு. மருந்தடிச்சுக்கலாம்."

"மருதம்மா இருக்கா சார். அதோட, கரையானும் கரப்பான் வரிசைதான். இப்ப விஞ்ஞானிங்க அப்படித்தான் சேத்திருக்காங்க."

அங்கமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதைய இன்னைக்குத்தானா கண்ணு சேக்கோணும்?"

இங்கே சேர்ந்த மூன்றாண்டில் அவள் படிப்பை நோக்கி வந்த முதல் கேள்வி அது.

4

ஒரு முடிவில் ஆடிட்டரும் விலங்கியல் படித்தவர், பாராட்டுகிறார். [வெட்கமாக இருந்தது. கிழித்தேன்.] இன்னொன்றில் அவள் "ஒன்றுமில்லை" என்று எழுதுகிறாள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால்

வாசலில் ஆடிட்டரின் கார் வந்துவிட்டது. மூன்று கட்டங்களும் காலி. டிக்கை நீங்களே போடுங்கள். கீழே கையெழுத்து மட்டும் அவளுடையது.