அரை ஸ்க்ரூப்பிள்

மதியம் மருந்தறையைப் பூட்டப் போன கம்பவுண்டர் ஜகபர் அலி தராசைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தட்டில் ஒரு ஸ்க்ரூப்பிள் எடைக்கல் இருந்தது. அரை ஸ்க்ரூப்பிள் பெட்டிக்குள், தன் குழியில் கிடந்தது.

அடுத்த நோயாளி வரும்வரை கல்லைத் தட்டிலிருந்து எடுக்க மாட்டார். இருபது வருஷப் பழக்கம். கடைசியாக வந்தது தொண்டூர் மீனம்பாளின் மகள் ஆண்டாள், நாலு வயசு. வலிப்புக்குத் தூள், ஆறு பொட்டலம், பொட்டலத்துக்கு அரை. அதற்கு முன் பாவாடை என்ற கிழவருக்குப் பொட்டலத்துக்கு ஒன்று. கல்லை மாற்றினோமா? மாற்றினாற்போலவும் இருந்தது, மாற்றாதது போலவும் இருந்தது. தராசைத் துடைக்கும்போது எடுத்து வைத்தோமோ? முதல் பொட்டலத்தை இரண்டு மணிக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். இரட்டிப்பாகப் போனால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது.

உள்ளே டாக்டர் ஜெயராமன் மோர்சாதத்தில் கைவைத்திருந்தார்.

"மறுபடியும் சந்தேகமாய்யா? போன மாசம் பனமலைக்கு ஓடினே. அதுக்கு முன்ன சீயமங்கலம். இன்னா ஆச்சு? எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

"இந்தத் தடவ கல்லே தட்டுல இருக்குது டாக்டர்."

"அந்தக் கல்லோட பேருக்கே அதான்யா அர்த்தம். ஸ்க்ரூப்பிள்னா லத்தீன்ல கூரான பொடிக்கல்லு. செருப்புக்குள்ள பூந்துகிச்சுன்னா நிக்கவும் விடாது, நடக்கவும் விடாது. அதனாலதான் மனச அரிக்கற சந்தேகத்துக்கும் இங்கிலீஷ்ல அந்தப் பேரு. உனக்குன்னே வெச்சிருக்கான்."

டாக்டர் சிரித்தார். ஜகபர் அலி தராசையும் கல்பெட்டியையும் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். பஸ் போய்விட்டிருந்தது. சைக்கிளை மிதித்தார். ராஜகிரி மலை முதுகுக்குப் பின்னால் போயும் வெயில் விடவில்லை. வழியில் இரண்டு தடவை செயின் கழன்றது. 'யா அல்லா, அவ மறந்து தொலைச்சிருக்கணும்' என்று சொல்லிச் சொல்லி மிதித்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

"குடுத்துட்டியாம்மா?"

"ரெண்டு மணிக்கு டாண்ணு குடுத்துட்டேன் பாய். ஏன்?"

ஜகபர் அலி மண்டியிட்டுக் குழந்தையை உலுக்கினார். "ஆண்டாளு! கண்ணத் தொற தாயி!" தலை ஒரு பக்கம் துவண்டது. மீதிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, எதிர்த்தட்டில் அரைக் கல்லை வைத்தார். தூள் தட்டு தொப்பென்று இறங்கியது. அதை எடுத்துவிட்டு ஒரு ஸ்க்ரூப்பிள் கல்லை வைத்ததும் முள் நடுவில் நின்றது.

"தப்பு பண்ணிட்டேம்மா. ரெண்டு மடங்கு போட்டுட்டேன். டாக்டராண்ட தூக்கினு ஓடணும், எழுந்திரு!"

மீனம்பாள் மார்பில் கைவைத்தாள். "பாய், இரு இரு. நான் பாதிதான் குடுத்தேன்."

"இன்னா சொல்ற?"

"போன தடவ பொட்டலம் சோணியா இருந்துச்சு. இது புள்ளத்தாச்சி வயிறு மாரி உப்பிக்கெடந்துச்சு. மனசு ஒப்பல. மிச்சத்த மடிச்சு மாடத்துல வெச்சிருக்கேன்."

அந்த மிச்சம் அரைக் கல்லுக்குச் சரியாக நின்றது. அப்படியும் அவருக்குப் போதவில்லை. ஆண்டாளின் உள்ளங்காலில் நகத்தால் கீறினார். அது வீறிட்டு அவர் மூக்கிலேயே உதைத்தது. ஜகபர் அலி மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு ஐந்து பொட்டலங்களையும் பிரித்து அரை அரையாக நிறுத்தார். மீனம்பாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தராசு முள்ளையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடு பாய்."

போட்டார்.

"இன்னொரு தடவ."