மாமனார் மொழிபெயர்த்த ஜெபம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் மனைவி ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே, தண்ணீர் வண்டி வந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனது. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், எனக்கு இப்படி ஒன்று நடக்கவில்லை. நடந்தவளோ அதை வைத்து ஒன்றும் செய்யாமல் தலையணை உறைக்கும் போர்வைக்கும் நடுவே மடித்து வைத்துவிட்டாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோங்க. ஆனா எங்கப்பாவைக் கெட்டவராக்கக் கூடாது" என்றாள்.

அந்த நிபந்தனையோடுதான் உட்கார்ந்தேன். காப்பாற்றினேனா என்று நீங்களே பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: 'பிள்ளைகள் இல்லத்தின் வாசலில் வெளிநாட்டு விருந்தினரின் பேருந்து வந்து நின்றபோது வானம்—'

வேண்டாம். வானத்துக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது: 'தன் அப்பாவை முப்பது பேரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்த ஒரு சிறுமி—'

இது பரவாயில்லை. ஆனால் முதல் வரியிலேயே அழ வைத்துவிட்டால் அப்புறம் உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மாமனார் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். ஊழியம் என்பார். சபையார் கொஞ்சம் தாங்கினார்கள், கடல் தாண்டி இருந்தவர்கள் கொஞ்சம் தாங்கினார்கள். இல்லத்துக்குப் பின்னாலேயே வீடு, வீட்டில் ஒரே பெண். (அந்தப் பெண் பிற்பாடு என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அழ இன்னொரு காரணம் கிடைத்திருக்கும்.)

மாமனாருக்கு ஒரு கொள்கை. 'இது நான் பெத்தது' என்று யாரிடமும் தனியாகக் காட்ட மாட்டார். காட்டினால் மற்றதுகளின் மனசு நோகும். ஆகவே மகளுக்கும் அதே துணியில் தைத்த கவுன், அதே கிராப்பு, அதே வரிசையில் தட்டு. எல்லாப் பிள்ளைகளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அப்பா என்றாள். அவர் 'என்னம்மா' என்று திரும்புவார். ஆனால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்ல முடியாது.

3

முப்பது பேர்மேலும் சரிசமமாகப் பொறாமைப்பட யாராலும் முடியாது. அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். குருவி என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பொடிசு இருந்தது. அதற்கு அடிக்கடி காய்ச்சல் வரும். வந்தால் மாமனாரின் தோளில் போட்டால்தான் தூங்கும். என் மனைவி அந்த வயதில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பார்த்திருக்கிறாள். சளி பிடித்ததே தவிரக் காய்ச்சல் வரவில்லை. அப்பாவும் வரவில்லை. சளிக்கு அம்மா போதும்.

[இந்த இடத்தில் குருவியைக் கொஞ்சம் கள்ளியாக எழுதியிருந்தேன். காய்ச்சல் என்று நடிப்பவளாக. மனைவி படித்துவிட்டு அந்தப் பத்தியையே அடித்துவிட்டாள். "அது நெசமாவே சீக்காளிப் புள்ளதாங்க. நடிச்சிருந்தா நான் நிம்மதியா வெறுத்திருப்பேன்" என்றாள். இது நான் எழுதிய எதையும்விட நன்றாக இருக்கிறது. அதற்கும் சேர்த்து எனக்கு எரிந்தது.]

4

கடல் தாண்டி இருந்து தாங்கியவர்களின் குழு ஒரு நாள் வந்தது. எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் போட்டு ஒரு துணிப்பை கொண்டுவந்திருந்தார்கள். அதற்குள் கலர் பென்சில், துண்டு, ஒரு பொம்மை. காலையிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அவர்கள் தங்கள் மொழியில் ஒரு வரி சொல்வார்கள், பக்கத்தில் கண்ணை மூடி நிற்கும் மாமனார் அதை நம் மொழியில் சொல்வார், பிள்ளைகள் ஆமென் சொல்வார்கள்.

அவளுக்குப் பை இல்லை. இல்லத்துப் பிள்ளைகளின் கணக்கில் அவள் எப்படி வருவாள்? சுவரோரமாக நின்றாள். குருவி தன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அப்பாவிடம் காட்டியது. அப்பா குருவிக்கு ஒரு முத்தம் கொடுத்தார். பொம்மைக்கும் ஒன்று கொடுத்தார். பொம்மைக்கு! இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் மனைவிக்கு மூக்கு நுனி சிவக்கிறது.

குழுவில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். கையில் பை இல்லாமல் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. கணக்கில் விட்டுப்போன அநாதை என்று நினைத்துவிட்டார். அவளை இழுத்து அணைத்து, முழங்காலில் நின்று, தலையில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குழுவில் மற்றவர்கள் மாமனாரைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டவரை யார் போய்த் தடுப்பது? மாமனாரும் வந்து, அவள் தலையில் தன் கையையும் வைத்தார். டாக்டரம்மா ஒரு வரி சொன்னார். மாமனார் சொன்னார்:

"தகப்பன் இல்லாத இந்தப் பிள்ளைக்கு நீரே தகப்பனா இரும், ஆண்டவரே."

எல்லோரும் ஆமென் என்றார்கள். அவளும் சொன்னாள்.

5

இதற்கு மேல் மூன்று வழி இருக்கிறது.

டாக்டரம்மா சொன்னதே அதுதான், மாமனார் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பவன் பிழை திருத்தக் கூடாது.

அல்லது டாக்டரம்மா வெறுமனே 'இந்தப் பிள்ளைக்குத் தகப்பனாக இரும்' என்றுதான் சொன்னார். காலையிலிருந்து ஒவ்வொரு தலைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், 'தகப்பன் இல்லாத' என்பதைத் தானாகவே முன்னால் சேர்த்துக்கொண்டது. தொடும் தலை யாருடையது என்று கைக்குத் தெரியவில்லை.

அல்லது தெரிந்தே சேர்த்தார். சுற்றி நின்ற பிள்ளைகளின் மனசு நோகக் கூடாதே என்று, பெற்ற மகளை அந்த ஒரு நிமிஷம்—

[இந்த வாக்கியத்தை முடித்துத்தான் வைத்திருந்தேன். மனைவி கிழித்துவிட்டாள்.]

அவளுக்கு அந்த மொழி அப்போது தெரியாது. ஆகவே மூன்றில் எது என்று இன்றுவரை தெரியாது. நான் மூன்றாவதைத்தான் எழுதினேன், பிரமாதமாகவே எழுதினேன். அவள் கிழித்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா மேல இருக்கிற பொறாமைல எழுதியிருக்கீங்க."

இல்லை என்றேன். அது பொய். கண் ஆபரேஷனுக்காக அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, அவர் இருமி முடிப்பதற்குள் இவள் வெந்நீரோடு போய் நிற்கிறாள். நான் கூப்பிட்டால் 'தோ வரேன்' என்ற குரல் மட்டும்தான் வருகிறது. அப்படி ஒரு ஜெபத்தைச் சொன்ன மனுஷனுக்கா இத்தனை உபசாரம்? அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தாய், 'இவர்தான் எங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டே விட்டேன்.

"சொல்லியிருந்தா கைய எடுத்திருப்பாரு" என்றாள். "அன்னைக்கு ஒரு நாள்தான் எனக்குன்னு தனியா ஜெபம் பண்ணாரு."

6

கதையை இங்கே முடித்திருப்பேன். நேற்று மாமனார் கட்டிலிலிருந்து, "என்னவோ எழுதிக்கிட்டே இருக்கீங்களே மாப்பிள்ளை, வாசிங்களேன், பொழுதாவது போகும்" என்றார். இரண்டு கண்ணிலும் கட்டு. வாசித்தேன். 'மாமனார்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'இல்லத்துக்காரர்' என்று மாற்றினேன், மனைவியை வெறும் சிறுமியாக்கினேன். கூட்டம் ஆமென் சொல்லும் இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் மனைவி கையில் சொட்டு மருந்தோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள்.

அவர் கட்டிலில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"யார் பெத்த பிள்ளை அது?"

தெரியாமல் கேட்டாரா, தெரிந்துதான் கேட்டாரா? கண்ணில் கட்டுப் போட்ட முகத்தில் எதைத் தேடுவது? என் நாக்கில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் நன்றாக இருந்தன. ஆனால் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி எனக்கானது இல்லை என்று புரிந்தது. காகிதங்களை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்காரும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினேன்.

இப்போது தெருமுனையில் நிற்கிறேன். நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இருந்து கேளுங்கள். வந்து என்னிடம் சொல்ல வேண்டாம்.